கால் படாத இடம்

மருமகள் ஷீலா எழுந்து ஜன்னல் திரையை விலக்குவதற்குள் மரத்தில் காய்ந்ததை வெட்டி ஒளித்துவிட வேண்டும். வெயில் காலம் தொடங்கியதிலிருந்து கலியனுக்கு இதுதான் காலை வேலை. டீ கூட அதற்கப்புறம்தான்.

மனைவி வேதநாயகியின் ஜாக்கெட் துணி வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் படியிறங்கினார். மராட்டி ஊரான விஷ்ராந்த்வாடியில் காற்று கொஞ்சம் குளிர்ச்சியாக வருவது அந்த நேரத்தில்தான். வெயில் ஏறிவிட்டால் ஆளந்தி ரோட்டுப் புழுதி அத்தனையும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேட்டுக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று. கிறிஸ்துமஸ் மரம் என்று தெருவே சொல்லும். கலியன் அடுக்கு மரம் என்பார். நட்டுவைத்த குழாய் மாதிரி நடுத்தண்டு நேராகப் போக, குடைக்கம்பி விரிந்தாற்போல் அடுக்கடுக்காகக் கிளைகள். இலை என்று சொல்ல முடியாது, ஊசி. கை பட்டால் சுருக்கென்று குத்தும்.

சுவரோரம் நின்ற வலது மரம்தான் நோயாளி. அதன் அடி அடுக்கு போன வருஷமே உதிர்ந்துபோயிற்று. அதற்கு மேல் இருந்த அடுக்குகளும் நுனியிலிருந்து துருப்பிடித்தாற்போல் சிவந்து, சிவப்பு உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. சிவந்த நுனிகளைக் கத்தரித்து லுங்கி மடியில் போட்டு முடிந்துகொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய சிமெண்டுப் பைக்குள் கொண்டுபோய்த் திணிப்பார். இப்படி வெட்ட வெட்ட மரம் மொட்டையாகிறதே, அது மட்டும் அவள் கண்ணில் படாதா என்று அவர் யோசிக்கவில்லை. காய்ந்த நிறம் தெரியக்கூடாது. அவ்வளவுதான்.

திரை விலகிவிட்டது.

"மாமா, இன்னா கட் பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. சொம்மா ஷேப் பண்றேன்."

"கைல கத்தரியப் பாத்தா டெய்லர் மாதிரி இருக்கு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மரத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். "அந்த மூணாவது லைன் பூரா சூக்கிப் போச்சு மாமா. நேத்து பச்சையா இருந்துச்சு. நான் பாத்தேன்."

"நேத்தே அப்டித்தான் இருந்திச்சி. வெயில்ல உனுக்குத் தெர்ல. போ, போய்ப் படு. டாக்டரம்மா எழுந்திருக்காதன்னு சொல்லிகீறாங்க இல்ல?"

"எழுந்திருச்சா பி.பி., படுத்தா மரம்," என்றாள். திரையை மூடிக்கொண்டாள். அவள் படுக்கப் போகவில்லை என்பதும், துணிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஷீலாவுக்கு ஏழாம் மாசம். போன மழைக்காலத்தில் ஒன்று அஞ்சாம் மாசத்திலேயே கலைந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் இந்த ஜன்னலோரம் படுத்துக் கிடந்த நாட்களில்தான் வலது மரத்தின் அடி அடுக்கு கொட்டியது. எது முன்னே எது பின்னே என்று யார் பார்த்தார்கள்? அவள் மனசில் இரண்டும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டன. இப்போது மறுபடியும் வயிற்றில் ஒன்று, மரத்தில் மறுபடியும் காய்ச்சல். பி.பி. ஏறினால் பிள்ளைக்கும் ஆபத்து, அவளுக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். மனசை நிம்மதியாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். நிம்மதியை எந்தக் கடையில் வாங்குவது? கலியனுக்குத் தெரிந்த ஒரே வழி, பிள்ளை பிறக்கிறவரை இந்த மரத்தைப் பச்சையாக வைத்திருப்பது.

மரம் அவர் வைத்ததில்லை. சம்பந்தி டேனியல் வைத்தது. இருவரும் கட்கி ராணுவ ஃபேக்டரியில் பக்கத்துப் பக்கத்து ஷெட்டில் வேலை பார்த்தவர்கள்தான். இருந்தாலும், மகன் வசந்தகுமார் டேனியலின் மகளைக் கட்டுவேன் என்று நின்றபோது கலியன் குதித்த குதி கொஞ்சநஞ்சமல்ல. சர்ச்சுக்காரனோடு என்ன சம்பந்தம் என்று ஆறுமாசம் பையனோடு பேசவில்லை. கடைசியில் கல்யாணம் நடந்தது. மறுநாளே டேனியல் ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் இரண்டு தொட்டிகளை இடுக்கிக்கொண்டு வந்தார். தானே குழி வெட்டி நட்டார். "ஒண்ணு எம்பொண்ணு, ஒண்ணு உம்பையன்," என்றார். எது யார் என்று சொல்லவில்லை. அதை நினைத்துத்தான் ஷீலா இப்போது பயந்து சாகிறாள்.

கலியன் படித்தது மூணாங்கிளாஸ். எவனையும் நம்பாமல் இருக்க அது போதும். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்வார். டாக்டர் எழுதுகிற மாத்திரையை இரண்டு கடையில் விசாரிப்பார். மரத்துக்கு என்ன வியாதி என்று கேட்க ஆளந்தி ரோட்டு நர்சரிக்காரனைக் கூட்டிவந்தபோதும் அப்படித்தான். மராட்டிக்காரப் பையன், வேரைக் கிளறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் அதிகம், கறுப்பு மண் தண்ணீரை விடாது, பூஞ்சை பிடித்திருக்கும் என்று சொல்லி ஒரு பவுடர் டப்பாவை நீட்டினான். விற்கிறவன் சொல்லும் வியாதியை எப்படி நம்புவது? கலியன் அவனை அனுப்பிவிட்டுத் தன் வைத்தியத்தை ஆரம்பித்தார். நீலத்துத்தம் கரைத்துத் தெளித்தார். மாட்டுக் கொட்டாயிலிருந்து சாணி எரு வாங்கிவந்து அடியில் கொட்டினார். அதற்கும் அசையவில்லை என்றதும் யூரியா போட்டார். மரம் இன்னும் வேகமாகச் சிவந்தது.

அப்புறம் பழி பக்கத்து வீட்டின்மேல் விழுந்தது. சுவருக்கு அந்தப்புறம் லக்ஷ்மிநாராயணன், பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஊசியெல்லாம் தன் கார்மேல் கொட்டுகிறதென்று ஒருதரம் குறைபட்டிருந்தார். கலியன் சுவர்மேல் தலையை நீட்டிக் கேட்டேவிட்டார்.

"சார், ராத்திரில செவுத்து மேலேர்ந்து இன்னா ஊத்தறீங்க?"

"நான் என்னத்த ஊத்தப் போறேன்? ஏ.சி. தண்ணியக்கூட பக்கெட்ல பிடிச்சு ரோஜாவுக்கு விடறேன். ஆசிட் ஊத்தற ஆளாட்டமா தெரியறேன் உங்களுக்கு?"

"ஆசிட்டுன்னு நான் சொல்லவே இல்லியே சார். உங்க வாய்லேர்ந்துதான் வர்து."

அதற்கப்புறம் லக்ஷ்மிநாராயணன் அவரைப் பார்த்தால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் சாப்பாடும் சரியில்லை. ஷீலாவுக்கு உப்பு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து வேதநாயகி எல்லாருக்குமே ஒரே குழம்பாக வைத்துவிட்டாள். தனியாக எடுத்துவைத்துக்கொண்டால் அவள் நாக்கு ஏங்கும் என்று சட்டம். முருங்கைக்காய்ச் சாம்பாரும் பச்சைத்தண்ணியும் ஒரே ருசியாக இருந்தன.

"மே, இத்த வாய்ல வெக்க முடியல. ஒரு கல்லு உப்பு குடு."

"கெர்ப்பமா கீற பொண்ணே துன்றா. உனுக்கின்னா வந்துச்சி? ஆங், மறந்துட்டேன். கட்கி பஜாருக்குப் போவசொல்ல கல்லுப்பு வாங்கினு வா. தீந்துபோச்சி."

"போன வாரம்தான வாங்கினு வந்தேன்?"

"மாங்கா ஊறுகா போடறேன்யா."

இந்தப் பக்கத்துக் கடைகளில் தூளுப்புதான் பாக்கெட்டில் கிடைக்கும். கல்லுப்பு வேண்டுமென்றால் கட்கி பஜாரில் இருக்கிற தமிழ்க் கடைக்குப் போகவேண்டும். கலியன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பையில் சுமந்து வந்தார். ஊறுகாய் ஜாடி மட்டும் அவர் கண்ணில் படவில்லை. கேட்கவேண்டும் என்று நினைப்பார், மரம் வந்து நினைப்பை மறைத்துவிடும்.

மே மாசம் பாதி போனபோது இடது மரமும் நுனி சிவந்தது.

அன்றைக்குக் காலையில் கத்தரியோடு நின்றவர் அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வலதுக்குச் சாக்கு சொல்லியாயிற்று: சுவர் நிழல், பக்கத்து வீட்டுக்காரன், பூஞ்சை. இது நல்ல வெயிலில், யாரும் தொடாமல் நின்ற மரம். குனிந்து அடியைப் பார்த்தார். தண்ணீர் காய்ந்து வெடித்த கறுப்பு மண்ணில், வெடிப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுண்ணாம்போ, சோப்புத் தூளோ? ஆள்காட்டி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

வலது மரத்தடிக்கு ஓடினார். எருவை ஒதுக்கிவிட்டு அங்கேயும் தொட்டு நக்கினார். அங்கே நாக்கே சுருங்கிப்போகிற உப்பு. மாசக்கணக்கில் உப்பில்லாமல் தின்ற நாக்குக்கு அது இன்னும் கடுமையாகத் தெரிந்தது. எவனோ வேண்டுமென்றே செய்கிறான். வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள் என்று தெரிந்தே செய்கிறான்.

பிடித்துவிடுவது என்று முடிவு கட்டினார். வெள்ளிக்கிழமை, கட்கிக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், தெருவைச் சுற்றி வந்து, பின்பக்கமாக நுழைந்து, தகரக் கொட்டகையின் மறைவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் நாய்கூட இல்லை. லக்ஷ்மிநாராயணனின் தலை சுவருக்கு மேல் எழும்புமென்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது அவர் வீட்டில்தான். வேதநாயகி வந்தாள். ஒரு கையில் பக்கெட். மற்ற கையை மூடிப் பிடித்திருந்தாள். இடது மரத்தடிக்குப் போய், மூடிய கையைப் பக்கெட்டுக்குள் விட்டு நன்றாகக் கரைத்தாள். மெதுவாக, சிந்தாமல், வேரைச் சுற்றி ஊற்றினாள். திரும்பிப் பார்க்காமல் வந்து, குழாயடியில் கைகால் கழுவினாள்.

"வேதா."

பக்கெட் கையிலிருந்து நழுவியது. சத்தம் வராமல் அதைக் காலாலேயே தடுத்துப் பிடித்தாள். "ஐயோ, மொள்ள பேசுய்யா. தூங்கினு கீறா."

"இன்னாத்த ஊத்தன?"

"தண்ணி."

"நக்கிப் பாத்துட்டேன்மே."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ரகசியம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"சுத்திப் போட்டேன். செவ்வா, வெள்ளி, ஞாயிறு. உச்சி வேளைல அவ தூங்கசொல்ல தலமாட்டுல நின்னு சுத்திடுவேன். அவளுக்குத் தெரியாது. அவுங்கப்பனுக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வருவாரு."

"அத்தக் கொண்டாந்து மரத்துல ஊத்துவியா?"

"வேற எங்க ஊத்தறது? நீயே சொல்லு. கால் படாத எடத்துல கொட்டணும். மொதல்ல எவங்க கால் படுதோ அவங்கள புடிச்சிக்கும். ஆரணில எங்கம்மா கெணத்துல போடுவா. இங்க எந்தக் கெணறு கீது? ரோட்ல கொட்டுனா எவளோ ஒரு புள்ளத்தாச்சி மிதிப்பா. அந்தப் பாவம் நமக்கு வாணாம். பாத்ரூம்ல ஊத்துனா நம்ம காலே படும். இந்த வூட்ல ஒரு காலும் படாத எடம் அந்த மரத்தடிதான். ஊசி குத்தும்னு எவனும் கிட்ட போவ மாட்டான்."

"எப்பலேர்ந்து?"

"மொதக் கொழந்த பூட்ச்சே, அவ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தாளே. அன்னிலேர்ந்து."

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அவர் சுமந்துவந்த உப்பெல்லாம் கண்முன்னே வந்தது. "உப்பு எங்க போவுதுன்னு பாத்தேன். எனுக்கு ஒரு கல்லு இல்ல, மரம் மூட்ட மூட்டையா துன்னுகீது. அதான் சாவுதுமே ரெண்டும்."

"சாவட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. குரலில் மட்டும் கலக்கம் இல்லை.

"அது சாவறதாலதான் இது நிக்குது. கொழந்த மேல வர்றத மரம் வாங்கிக்குதுய்யா. உனுக்கு இன்னும் வெளங்கலியா? போன தபா அஞ்சுல பூட்ச்சி. இந்தத் தபா ஏழு வந்துட்சி பாரு. அந்த மரம் வாங்கி வாங்கி நெறஞ்சிபோச்சி. அதான் இப்ப இதுல ஊத்தறேன்."

"பைத்தியம் மாதிரி பேசாத."

"சரி, நான் நிறுத்திடறேன். நாளைக்கி ஏதாவது ஆச்சின்னா நீ பதில் சொல்றியா?"

கலியன் சாமியை நம்பாதவர், சாமியார்களை அதைவிட நம்பாதவர். கேஸ்காரனிடம் சொல்வதுபோல் 'காட்டு பாக்கலாம்' என்று இதை யாரிடம் கேட்பது? எடை போட்டுப் பார்க்கத் தராசு இல்லை. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கடியில் ஷீலா மூச்சு விடுகிறாளா என்று இருவரும் காது கொடுத்தாற்போல் நின்றார்கள்.

சனிக்கிழமை அவர் மட்டும் நர்சரிக்குப் போனார். உப்பு விழுந்துவிட்டது என்று மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார். அந்தப் பையன் இந்தமுறை எந்த டப்பாவையும் எடுக்கவில்லை. மேல்மண்ணை வழித்துத் தூரப் போடு, எரு யூரியா எதுவும் போடாதே, நல்ல தண்ணீரை விட்டு விட்டு உப்பைக் கழுவு, கழுவின தண்ணீர் அங்கேயே தேங்காமல் வெளியே போக வழி வெட்டு. மேல்குருத்து பச்சையாக இருந்தால் பிழைக்கும், போன அடுக்கு போனதுதான். இதற்குத் தன்னிடம் விற்க ஒன்றுமில்லை, தாத்தா, என்று சிரித்தான். விற்காமல் சொன்னதால் கலியன் நம்பினார்.

அன்று சாயங்காலம் செக்கப்பில் ஷீலாவின் பி.பி. இன்னும் ஏறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு டேனியல் ஆட்டோவில் வந்து இறங்கினார். கொயர் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வசந்தகுமாருக்குச் சாகண் கம்பெனியில் வியாழன்தான் லீவு. அவன் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் ஷீலா அப்பாவுக்குப் போன் போட்டிருந்தாள். ஹாலில் ஒரு பெட்டி தயாராக நின்றது.

டேனியல் உள்ளே வரவில்லை. கேட்டருகிலேயே நின்று வலது மரத்தைப் பார்த்தார். தலையைத் திருப்பி இடது மரத்தைப் பார்த்தார்.

"சம்மந்தி, வெளிய வாங்க."

கலியன் வந்தார். பின்னால் ஷீலாவும் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீற? ஒண்ணு பூட்ச்சின்னா வியாதின்னு சொல்லலாம். ரெண்டுமா போவும்? எங்க கல்லறைத் தோட்டத்துல கீது, இதே மரம், ஒருத்தனும் தண்ணி ஊத்தறதில்ல. மூணு மாடி ஒசரம் நிக்குது. சர்ச்சுக்காரன் வெச்ச மரம்னு மனசுல வெச்சிகினு சாவடிக்கிறியா?"

"டாடி, ப்ளீஸ்."

"நீ சும்மா இரும்மா. நைட்டெல்லாம் அழுதுகினு போன் பண்ற. ரெண்டும் சாவுது டாடி, எது நானுன்னு சொல்லு டாடின்னு. நான் இன்னாத்த சொல்றது? வா, நம்ம வூட்டுக்குப் போலாம். இந்த மரத்த பாக்கவே வாணாம்."

ஷீலா சுவரில் சாய்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. அந்தக் கால்களை இப்போது ஆட்டோவில் ஏற்றி, குண்டும் குழியுமான ரோட்டில் அனுப்புவதா? அனுப்பினால் பயமும்தானே கூடவே ஏறிப் போகும். கலியன் சமையலறை வாசலைப் பார்த்தார். வேதநாயகி கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் வாய் திறக்கப் போகிறாள் என்று தெரிந்தது.

"நான்தான் உப்பு போட்டேன்," என்றார் கலியன்.

"இன்னாது?"

"உப்பு. கல்லுப்பு. தென்னமரத்துக்கு வேர்ல உப்பு போடுவாங்க இல்ல? காய் புடிக்கும், கடகடன்னு ஏறும்னு. அது மாதிரி இதுவும் ஏறட்டும்னு போட்டேன். கொஞ்சம் ஜாஸ்தியா பூட்ச்சி."

டேனியல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "யோவ், தென்னமரமும் கிறிஸ்மஸ் மரமும் ஒண்ணாயா?"

"ரெண்டும் நெட்டையாதான கீது."

"நெட்டையா கீதுன்னா லைட்டு கம்பத்துக்கும் போடுவியா? ஏசப்பா! இந்தாளு ஃபேக்டரில வெடிமருந்து ஷெட்ல இருந்திருந்தா கட்கியே இருந்திருக்காது."

"மாமா." ஷீலா இரண்டடி முன்னால் வந்திருந்தாள். "உப்பா? ஸிர்ஃப் நமக்?"

"ஆமாம்மா. வெறும் உப்புதான். வா, மண்ண வேணா நக்கிப் பாரு."

"எப்போலேர்ந்து போட்டீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் பொய்யே சொன்னார். "உனுக்கு மொத தபா அப்டி ஆயி வந்தியே, அதுக்கப்பறம். அதுக்கு முன்னாடி மரம் ஜோராதான் இருந்திச்சி. யோசிச்சிப் பாரு. மரம் காஞ்சதால உனுக்கு ஒண்ணும் ஆவல. அது வேற, இது வேற."

ஷீலா யோசித்தாள். நெற்றி சுருங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளை நினைத்திருப்பாள். மழையில் ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் வர முடியாமல் வெளியே நின்றது, இரண்டு மரமும் நனைந்து பச்சையாகப் பளபளத்தது. "ஆமா," என்றாள். "அன்னிக்கு பச்சையாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு டாடி." முதலில் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "எனக்கு உப்பில்லாத சாம்பாரு, மரத்துக்குக் கிலோ கிலோவா உப்பா? நீங்க பாகல் மாமா, பூரா பாகல்."

"ஆமாம்மா, நான் பைத்தியக்காரன்தான். உள்ள போயி படு."

ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். டேனியல் பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்து, பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டார். "கடப்பாரை எங்க கீது?"

கிழவர்கள் இருவரும் வெயிலில் இறங்கினார்கள். மேல்மண்ணைச் சுரண்டிச் சட்டியில் அள்ளினார்கள். வேர் படாமல் சுரண்டவேண்டும். கை நடுங்கும் வயசில் அது லேசான வேலையில்லை. டேனியல் ஒரு கொத்துக்கு ஒரு திட்டுத் திட்டினார். கலியன் எதிர்த்துப் பேசவில்லை. அதுவே டேனியலுக்குச் சந்தேகமாக இருந்தது. "இன்னாய்யா, வாயத் தொறக்க மாட்டேங்கற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று ஒருமுறை கேட்டார். மரத்தடியிலிருந்து கேட் வரைக்கும் சின்னக் கால்வாய் வெட்டினார்கள். டாங்க்கில் பிடித்து வைத்திருந்த காலைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் திறந்துவிட்டார்கள். காய்ந்த மண் முதலில் சோவென்று குடித்தது, பின்பு நிரம்பி, நுரை கக்கிக்கொண்டு, கால்வாயில் கறுப்பாக வழிந்தது. டேனியல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார்.

அப்போதுதான் வேதநாயகி வந்தாள். பொய்க்கு நன்றி என்றும் சொல்லவில்லை, ஏன் சொன்னாய் என்றும் கேட்கவில்லை. அவள் கண் தண்ணீரின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"அது எங்கய்யா போவுது?"

"ரோட்டுக்கு."

"அதுல இத்தினி நாளு சுத்திப் போட்டதெல்லாம் கீது. எல்லாத்தையும் தொறந்து வுட்டுட்ட. யாரு மிதிப்பாங்களோ. இல்ல வெளிய போவாம திரும்பி உள்ளயே வந்துச்சின்னா?" அவள் கை முந்தானையைப் பிசைந்தது. "வாணாம்யா. நிறுத்திடு. மழ வந்து அதுவா கழுவட்டும். புள்ள பொறந்தப்பறம் கழுவட்டும்."

தண்ணீர் கேட்டின் அடிக்கம்பியைத் தொட இன்னும் ஒரு முழம்தான் இருந்தது. மழை வரும்வரை மரம் தாங்காது. மரம் செத்தால் ஜன்னலில் நிற்கிறவள் தாங்கமாட்டாள். கழுவினால் இவள் தாங்கமாட்டாள். கலியனுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில், ஒத்துக்கொள்ள முடியாத ஒரு பயமும் கிடந்தது.

"மொதல்ல மிதிக்கறவனத்தான புடிக்கும்னு சொன்ன?"

"ஆமா."

கலியன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். போய், கேட்டை ஒட்டி, அந்தக் கறுப்புத் தண்ணீருக்கு முன்னால் நின்றார். அது வந்து விரல்களைத் தொட்டது, பாதத்தைச் சுற்றிக்கொண்டது. குதிகால் வெடிப்புகளில் உப்பு ஏறிச் சுரீர் என்று காந்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு, காலை எடுக்காமல், சேற்றை இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தார்.

"யோவ்! இன்னாய்யா பண்ற? வெளிய வா!"

"மிதிச்சாச்சி. இனிமே ரோட்டுல போறவனுக்கும் ஒண்ணுமில்ல, உள்ள கீறவளுக்கும் ஒண்ணுமில்ல. எல்லாம் எங்கிட்ட வந்துட்சி. போதுமா?"

வேதநாயகி உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது மூடிய கைக்குள் மீதி உப்பு. அவர் எதிரில் நின்று, தலைக்கு மேலும் காலுக்குக் கீழுமாக, வலமும் இடமுமாகச் சுற்றினாள். அவள் கண்ணீர் அவர் பாதத்தில் விழுந்தது. அதுவும் உப்புத்தான்.

"துப்பு."

துப்பினார்.

"சரி," என்றார் கலியன். "இத்த எங்க கொட்டுவ?"

வேதநாயகி வலது மரத்தைப் பார்த்தாள். சுரண்டிய வேரைச் சுற்றி நல்ல தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. இடது மரத்தைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். மூடிய கையோடு நின்றாள்.

"குடு இப்டி."

அவள் விரல்களைப் பிரித்து, ஈரத்தில் கசியத் தொடங்கியிருந்த உப்பை எடுத்தார். தினமும் காய்ந்த ஊசிகளை ஒளித்துக்கொண்டுபோன அதே லுங்கி மடியில் போட்டு, இறுக்கி முடிந்துகொண்டார். "இங்க எவன் காலு படும்?"

அவள் அந்த முடிச்சைப் பார்த்தாள். "புள்ள பொறந்தா உன் மடிலதான்யா மொதல்ல மிதிக்கும்."

கலியன் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். திரை விலகி ஜன்னலில் ஷீலாவின் முகம் தெரிந்தது. அவள் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே குருத்து இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

"அதுக்குள்ள வேர்வைல கரஞ்சிபூடும்மே," என்றார். "நீ போயி அந்தக் கொழாய இன்னும் கொஞ்சம் தொற."